நகரங்கள் அச்சிட்ட பணம்

காகிதத் துண்டொன்று எப்போது பணமாகின்றது? இன்று அதனை வாங்குபவர், நாளை வேறொருவர் அதனைத் தம்மிடமிருந்து ஏற்பார் என்று நம்பும்போதேயாம். அந்நம்பிக்கை வளர்ந்த விதத்தையும் வீழ்ந்த விதத்தையும் ஜேர்மானிய நகரங்களின் வரலாறு நன்கு புலப்படுத்துகின்றது.

1914ஆம் ஆண்டு ஜூலை மாத இறுதியில் முதலாம் உலக மகாயுத்தம் மூண்டது. காகித நோட்டுக்குப் பொன் கொடுக்கும் வழக்கத்தை ஜேர்மானிய மத்திய வங்கி நிறுத்திவிட்டது. அஞ்சிய மக்கள் பொன்னையும் வெள்ளியையும் பெட்டியில் இட்டுப் பூட்டினர். செம்பும் நிக்கலும் பின்னர் படைக்கலத் தொழிலுக்குச் சென்றமையால் சிறு நாணயங்களும் அருகின. பாண் வாங்கியவருக்கு மீதி கொடுக்கக் கடைக்காரரிடம் சில்லறை இல்லை. தொழிலாளருக்குக் கூலி கொடுக்க முதலாளியிடமும் காசு இல்லை.

ஆகவே நகரசபைகளும் சேமிப்பு வங்கிகளும் தொழிற்சாலைகளும் சிறு தொகைச் சீட்டுக்களைத் தாமே அச்சிட்டன. 'நோட்கெல்ட்', அதாவது இடர்காலப் பணம், என்பது அவற்றின் பெயர். ஊரெல்லை கடந்தால் அவை பெரும்பாலும் செல்லா. குறித்த தவணைக்குள் நகரசபை அவற்றை மீட்டுக்கொள்ளும் என்னும் வாக்குறுதியே அவற்றுக்குப் பிணையாக நின்றது.

1918இல் யுத்தம் ஓய்ந்தும் சில்லறைப் பஞ்சம் ஓயவில்லை. நகரங்கள் தத்தம் பழங்கதைகளைச் சீட்டுக்களில் வண்ணப்படங்களாகத் தீட்டின. ஹாமெலின் நகரச் சீட்டுக்களில் குழலூதி எலிகளை அழைத்துச் சென்றவன் காட்சியளித்தான். பீலபெல்ட் நகரில் பட்டுத் துணியிலும் பணம் அச்சாயிற்று. சேகரிப்போர் இவற்றை வாங்கி, மாற்றாது வைத்துக்கொண்டமையால் நகரங்களுக்கு இலாபமும் கிடைத்தது.

1923இல் நிலைமை விபரீதமாயிற்று. பிரெஞ்சு, பெல்ஜியப் படைகள் ரூர் பிரதேசத்துட் புகுந்தன. அவற்றுக்கு ஒத்துழைக்க மறுத்து வேலையை நிறுத்தியோரைத் தாங்குவதற்கு அரசாங்கம் வரம்பின்றிப் பணம் அச்சிட்டது. அதுவும் போதாமையால் நகரங்களும் கோடிக்கணக்கான மார்க்குகளுக்குச் சீட்டு வெளியிட்டன. 1914இல் ஏறத்தாழ 4 மார்க்குக்குக் கிடைத்த அமெரிக்க டொலர், 1923 நவம்பரில் 4 இலட்சத்து 20 ஆயிரம் கோடி மார்க்காயிற்று. காலையிற் பெற்ற கூலி மாலையில் மதிப்பிழந்தது. முதியோரின் ஆயுட்காலச் சேமிப்பு ஒரு தபால் முத்திரைக்கும் போதவில்லை.

அம்மாதம் 15ஆந் தேதி 'ரென்ரன்மார்க்' என்னும் புதிய பணம் வெளிவந்தது. அதில் ஒன்று பழைய மார்க்கில் ஓர் இலட்சங் கோடிக்குச் சமன். அதுவும் காகிதமே, ஆயினும் இவ்வளவுக்குமேல் அச்சிடுவதில்லை என்று வரம்பு விதிக்கப்பட்டிருந்தது. அவ்வரம்பு காக்கப்பட்டமையால் மக்கள் அதனை நம்பி ஏற்றனர்.