ட்வீட் ஆற்றின் மீன்பருவம்

ஆற்றில் மீன் பிடிப்பதற்கும் அரசியலுக்கும் என்ன தொடர்பு என்று மாணவ நண்பர்கள் வினவக்கூடும். சிறிது தூரம் ஸ்காட்லாந்துக்கும் இங்கிலாந்துக்கும் எல்லையாக ஓடும் ட்வீட் ஆற்றை நான் அதற்கு விடையாகக் காட்டுவேன். அவ்வாற்றில் பொழுதுபோக்காகத் தூண்டிலிடுவோர் பிப்ரவரி 1 முதல் நவம்பர் 30 வரைதான் சால்மன் மீனைப் பிடிக்கலாம். ஞாயிற்றுக்கிழமைகளில் அதுவும் கூடாது. பருவத்தின் முதல் இரு வாரங்களிலும், செப்டம்பர் நடுவிலிருந்து இறுதிவரையிலும், இறகும் நூலும் கொண்டு கட்டிய பொய் ஈயைத் தவிர வேறு இரையைக் கோத்தல் ஆகாது.

இவ்விதிகளுக்கு மீனின் வாழ்க்கையே காரணம். சால்மன் ஆற்றின் மேற்பகுதிப் பரற்கற்களிடையே பிறந்து, சில ஆண்டுகள் அங்கேயே வளர்ந்து, இளவேனிலில் கடலுக்கு இறங்குகிறது. அங்கே பருத்தபின் தான் பிறந்த ஆற்றையே தேடி வந்து, குளிர்காலத்தில் முட்டையிடுகிறது. அப்போது அதைப் பிடிப்பவன் வருங்கால மீன்களையும் சேர்த்தே பிடிக்கிறான்.

இவ்வுண்மையைப் பழங்காலத்தார் நன்கு அறிந்திருந்தனர். இங்கிலாந்தில் முதலாம் எட்வர்டு மன்னன் காலத்தில், 1285-இல் இயற்றப்பட்ட வெஸ்ட்மின்ஸ்டர் சட்டம், செப்டம்பர் 8 முதல் நவம்பர் 11 வரை சால்மன் பிடிப்பதைத் தடுத்தது. ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் 24 வரை குஞ்சுகளைப் பிடிப்பதையும் விலக்கியது. முதற் குற்றத்துக்கு வலை எரிக்கப்படும்; இரண்டாவதற்குக் கால் ஆண்டுச் சிறை; மூன்றாவதற்கு ஓராண்டு. வியப்பு என்னவெனில், ஆற்றில் வாழும் புள்ளியிட்ட சிறு மீன் சால்மனின் குஞ்சுதானா என்று 1830-களில்கூட அறிஞர்கள் வாதிட்டுக்கொண்டிருந்தனர். ஸ்காட்லாந்தில் ஜான் ஷா என்பவர் அக்குஞ்சுகளைக் குளத்தில் வளர்த்துக் காட்டிய பின்னரே அவ்வழக்குத் தீர்ந்தது.

ஸ்காட்லாந்துப் பாராளுமன்றமும் 1424-இல் ஆகஸ்ட் 15 முதல் நவம்பர் 30 வரை தடை விதித்தது. ஆனால் அடுத்த சில ஆண்டுகளில் எழுந்த சட்டமொன்று ட்வீட் ஆற்றுக்கு விலக்களித்தது. பெர்விக், ராக்ஸ்பரோ என்னும் ஊர்கள் ஆங்கிலேயர் கையில் இருக்கும்வரை, ஸ்காட்லாந்து மக்கள் அங்கே ஆண்டு முழுவதும் மீன் பிடிக்கலாம் என்பது அதன் விதி. நாம் விட்டுவைக்கும் மீனைப் பகைவன் உண்பதா என்ற எண்ணமே அதில் ஒலிப்பதாக எனக்குத் தோன்றுகிறது. பகையின் விலையை மீன் கொடுத்தது.

எல்லைப்புறத்தார்க்கு வேறொரு வழக்கமும் உண்டு. இரவில் தீவட்டி ஏந்தி, அவ்வொளியில் தெரியும் மீனைப் பல முனைகளையுடைய ஈட்டியால் குத்துவர். சர் வால்டர் ஸ்காட் 1815-இல் வெளியான ‘கை மானரிங்’ நாவலில் இதனை வருணித்துள்ளார். 1850-களின் இறுதியில் வந்த ட்வீட் சட்டங்கள் அந்த ஈட்டியை விலக்கின. மீனுக்கு அது நன்மையே. எனினும் ஏழையின் குளிர்கால உணவு குற்றமாக, செல்வரின் தூண்டில் மட்டும் சட்டத்தின் காவலைப் பெற்றது என்பதையும் வரலாறு படிப்போர் மறத்தல் கூடாது.

இன்று அத்தூண்டிலுக்கும் கட்டு வந்துவிட்டது. 2015 முதல் ஸ்காட்லாந்தில் ஏப்ரல் 1-க்கு முன் அகப்படும் சால்மனை உயிருடன் ஆற்றிலேயே விட வேண்டும். ஆண்டு முழுவதையும் கணக்கிட்டால், தூண்டிலில் சிக்கும் பத்து மீன்களில் ஒன்பதுக்கு மேல் திரும்ப விடப்படுகின்றன. அவ்வாறிருந்தும், 2023 டிசம்பரில் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் பிரிட்டனின் சால்மனை அழியும் நிலையிலுள்ள உயிர்களின் பட்டியலில் சேர்த்தது. ஆற்றங்கரையில் எழுதப்படும் விதி, வெப்பம் ஏறிவரும் வட அட்லாண்டிக் கடல்வரை சென்று எட்டுவதில்லை.