மடு மாதாவின் இடப்பெயர்வுகள்

ஸ்ரீபெரும்புதூரில் எங்கள் வீட்டு மாடியில் நான்கு பெண்கள் வாடகைக்கு இருக்கிறார்கள். நால்வருக்கும் ஒரகடத்தில் வேலை. அவர்களில் ஒருத்தி இலங்கைத் தமிழர் முகாமில் பிறந்து வளர்ந்தவள். அவளுடைய அலமாரியின் மேல்தட்டில் ஒரு மாதா படம், அதன் கீழே வெளுத்துப்போன கைக்குட்டையில் முடிந்த ஒரு சின்னப் பொட்டலம். ஒருநாள் முடிச்சை அவிழ்த்துக் காட்டினாள். உள்ளே ஒரு கைப்பிடி மண். காய்ந்து, மாவுபோல் உதிர்ந்திருந்தது.

“மடு மண்ணு அக்கா. அம்மம்மா போட்டுல வரும்போது மடியில கட்டிக் கொண்டுவந்தது. இது இருக்கிற வீட்ல பாம்பு அண்டாதாம்.”

நைட் ஷிஃப்ட் முடிந்து வந்தால் அந்த முடிச்சைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் படுக்கிறாள். இந்த ஊருக்கும் இலங்கைப் போருக்கும் இடையே ஆறாத காயம் ஒன்று இருக்கிறது. 1991 மே 21 இரவு ராஜீவ் காந்தி கொல்லப்பட்டது இங்கேதான். அதன்பிறகு ஒரு பாவமும் அறியாத அகதிகள்மீதும் சந்தேகப் பார்வை விழுந்தது. இந்த ஊரிலேயே அவள் தலைசாய்த்துத் தூங்குகிறாள். அந்த நிம்மதி எங்கிருந்து வருகிறது என்று தேடிப்போனபோதுதான் மடு மாதாவின் கதை கிடைத்தது.

குழந்தை இயேசுவைக் கையில் ஏந்திய சிறிய சொரூபம் அது. ஒருவர் தூக்கிக்கொண்டு நடந்துவிடலாம். முதலில் இருந்தது மன்னாருக்கு எதிர்க்கரையில், மாந்தையில். மன்னார்க் கத்தோலிக்கர்களுக்கு விசுவாசம் சும்மா வந்ததல்ல. 1544இல் யாழ்ப்பாண மன்னன் சங்கிலியின் ஆணையால் அங்கே நூற்றுக்கணக்கானோர் கொல்லப்பட்டார்கள். 1658இல் டச்சுக்காரர்கள் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கீசியரிடமிருந்து பிடித்தார்கள். கத்தோலிக்க வழிபாட்டுக்குத் தடை வந்தது. குருமார் விரட்டப்பட்டார்கள். ஒரு குருவானவருக்கு வீட்டில் இடம் கொடுத்தால் மரண தண்டனை.

1670இல் மாந்தையின் இருபது குடும்பங்கள் சொரூபத்தை எடுத்துக்கொண்டு புறப்பட்டன என்கிறது மரபு. கட்டடத்தைத் தூக்க முடியாது, கோயில் மணியைத் தூக்கினால் காட்டிக்கொடுத்துவிடும். தாயை மட்டும் தூக்கிக்கொண்டார்கள். ஊர் ஊராக அலைந்து கடைசியில் வன்னிக் காட்டில் மருத மரங்கள் சூழ்ந்த ஒரு நீர்நிலை அருகே நின்றார்கள். அதுதான் மருதமடு. யாழ்ப்பாணத்திலிருந்து தப்பி வந்த கத்தோலிக்கர்களும் அந்தக் காட்டில் வந்து சேர்ந்தார்கள். இரண்டு கூட்டமும் ஒன்றானபோது காட்டில் ஒரு கோயில் உண்டானது.

அதே காலத்தில் கொச்சியில் நடந்ததையும் சொல்ல வேண்டும். மட்டாஞ்சேரியில் 1568இல் கட்டப்பட்ட யூதர்களின் ஜெப ஆலயம் இருக்கிறது. 1662இல் டச்சுக்காரர்கள் கொச்சியை முற்றுகையிட்டுப் பின்வாங்கியதும், அவர்களுக்கு உதவியதாகச் சொல்லிப் போர்த்துக்கீசியர் யூதத் தெருவைச் சூறையாடி ஆலயத்தைச் சிதைத்தார்கள். மறுவருடம் டச்சுக்காரர்கள் கொச்சியைப் பிடித்தபிறகுதான் யூதர்கள் அதைச் சீர்படுத்தி மீண்டும் கூடினார்கள். மன்னாரில் மாதாவைக் காட்டுக்கு விரட்டிய அதே டச்சுக் கம்பெனி, அதே தளபதி ரைக்ளோஃப் வான் கூன்ஸ், கொச்சியில் யூதர்களுக்கு நிழலானார். அரசுகள் தரும் நிழல் இப்படித்தான், ஒருவனுக்குக் குடையானது இன்னொருவனுக்கு வெயிலாகிவிடும். யூதர்களோ தங்கள் வழிபாட்டை ஒரு கட்டடத்தை நம்பி வைக்கவில்லை. தோலில் கையால் எழுதிச் சுருட்டிய தோரா சுருளும், அதைச் சுற்றிப் பத்துப் பேரும் போதும் என்பது அவர்கள் வழக்கம். பத்துப் பேர் கூடினால் எந்த நாட்டிலும் பொதுச் செபம் தொடங்கிவிடும். வன்னிக் காட்டில் மாந்தைக்காரர்கள் செய்ததும் அதுவேதான்.

1687இல் கோவாவைச் சேர்ந்த யோசேப் வாஸ் அடிகளார் பிச்சைக்காரர் வேடத்தில் இலங்கைக்குள் நுழைந்தார். இரவில், மறைவாக, சிதறிக்கிடந்த குடும்பங்களைக் கூட்டிச் செபிக்க வைத்தார். டச்சு ஆட்சி போய் ஆங்கில ஆட்சி வந்து, தடை நீங்கியது. 1872இல் மடுவில் புதிய ஆலயத்துக்கு அடிக்கல் நாட்டினார் ஆயர் பொஞ்ஜோன். 1924 ஜூலை 2 அன்று மாதாவுக்கு முடிசூட்டு விழா. அந்த நாள் ஆடித் திருவிழாவாகவும், ஆகஸ்ட் 15 ஆவணித் திருவிழாவாகவும் நிலைத்தன. சிங்களவர்களும் தமிழர்களும் காட்டில் கூடாரம் போட்டு, பக்கத்தில் பக்கத்தில் சமைத்துச் சாப்பிட்டு, அவரவர் மொழியில் செபமாலை சொன்னார்கள். சைவர்களும் நேர்ந்துகொண்டு வந்தார்கள். திரும்பும்போது எல்லார் கையிலும் ஒரு பிடி மண்.

பிறகு ராணுவத்துக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையே போர் வந்தது. 1990இல் ஊர் ஊராக இடம்பெயர்ந்த மக்கள் மடுவில் வந்து குவிந்தார்கள். மரத்தடியில் தறப்பாள் கட்டிக் குடியிருந்தார்கள். மாதாவின் வளவுக்குள் குண்டு விழாது என்பது அவர்கள் நம்பிக்கை. 1999 நவம்பர் 20 அன்று அதுவும் உடைந்தது. ஆலயத்தில் ஷெல் விழுந்து, தஞ்சம் புகுந்திருந்தவர்களில் ஏறத்தாழ நாற்பது பேர் இறந்தார்கள். இரு தரப்பும் ஒன்றையொன்று குற்றஞ்சாட்டின. இறந்தவர்களில் குழந்தைகளும் இருந்தார்கள். ஆனாலும் மக்கள் செபத்தை விடவில்லை. சாவு வரக் கூடாது என்பதற்காக மட்டும் செபித்தவர்கள் என்றால் அன்றோடு விட்டிருப்பார்கள். பக்கத்தில் முழங்காலிடும் இன்னொரு மனிதருக்காகவும்தான் கூடினார்கள் என்று எனக்குப் படுகிறது.

2008 ஏப்ரலில் போர்முனை மடுவை நெருங்கியது. குருமார் சொரூபத்தை எடுத்துக்கொண்டு கரையோரக் கிராமமான தேவன்பிட்டிக்குப் போனார்கள். 338 வருடங்களுக்குப் பிறகு மாதா மறுபடி இடம்பெயர்ந்தார். அந்த மாதமே மடு ராணுவத்தின் கைக்குப் போனது, பீடம் வெறுமையாக நின்றது. ஆகஸ்டில் போர் தேவன்பிட்டிப் பக்கம் வந்தபோது சொரூபம் மடுவுக்குத் திரும்பியது. தாய் வீடு வந்து சேர்ந்தாள். பிள்ளைகளில் பலரோ கிழக்கே, கிழக்கே என்று முள்ளிவாய்க்கால்வரை போனார்கள். 2009 மே மாதம் போர் முடிந்தபோது எத்தனையோ பேர் திரும்பி வரவில்லை. 2015 ஜனவரி 14 அன்று போப் பிரான்சிஸ் மடுவுக்கு வந்தார். காலையில் கொழும்பில் யோசேப் வாஸைப் புனிதராக அறிவித்துவிட்டு, மாலையில் இங்கே. காணாமல்போனவர்களின் தாய்மார்களும் அந்தக் கூட்டத்தில் நின்றிருந்தார்கள். அவர்களுடைய காத்திருப்பு இன்னும் முடியவில்லை.

ஆகஸ்ட் 15 நமக்குச் சுதந்திர தினம், கம்பெனி லீவு. போன வருடம் அன்று மாலை மாடியிலிருந்து செபமாலைச் சத்தம் கேட்டு ஏறிப்போனேன். மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருந்தது. அவளோடு மற்ற மூவரும் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். மூவருமே இந்துக்கள், செபத்தின் பாதி வரி அவர்களுக்குத் தெரியாது. தெரிந்த இடத்தில் சேர்ந்துகொண்டார்கள். ஒருத்தி நகர்ந்து பாயில் எனக்கு இடம் விட்டாள். செபம் முடிந்ததும் முகாமில் வளர்ந்தவள் தன் கைக்குட்டையை அவிழ்த்தாள். ஆளுக்கு ஒரு துளி மண்ணை நெற்றியில் பூசிவிட்டு, மிச்சத்தைச் சிந்தாமல் திரும்ப முடிந்து அலமாரியில் வைத்தாள்.