ஐம்பொருட் பானத்தின் வரலாறு

வணிகர் ஒரு நாட்டிலிருந்து மற்றொரு நாட்டுக்குப் பண்டங்களைக் கொண்டு செல்லும்போது, அப்பண்டங்களோடு சொற்களும் கப்பலேறிச் செல்வது வழக்கம். கட்டுமரம், சுருட்டு, மிளகுதண்ணீர் ஆகிய தமிழ்ச் சொற்கள் ஆங்கில மொழியிற் குடியேறியமை பலரும் அறிந்த செய்தியாகும். அவ்வாறு கீழைத்தேயத்திலிருந்து மேனாடு சென்ற சொற்களுள் ஒன்று 'பஞ்ச்' என்பது. அது ஒரு கலவை மதுபானத்தின் பெயர். இன்று உலகெங்கும் கொக்டெயில் என்று வழங்கும் கலவைப் பானங்களுக்கெல்லாம் முன்னோடி இதுவே எனலாம். விருந்தினரை வீட்டில் அமர்த்தி, அவர் கண்முன்னே மதுவைக் கலந்து வழங்கும் பழக்கம் ஐரோப்பாவிற் பரவியதும் பெரும்பாலும் இப்பானத்தினாலேயே.

பஞ்ச் என்னும் பெயர், பஞ்சாங்கம், பஞ்சாயத்து ஆகிய சொற்களில் உள்ள 'பஞ்ச' என்னும் வடசொல்லின் வழிவந்தது என்பது பெருவழக்கான கொள்கை. 1672ஆம் ஆண்டு முதல் 1681ஆம் ஆண்டு வரை இந்தியாவிலும் பாரசீகத்திலும் பயணஞ் செய்த ஜோன் பிரையர் என்னும் ஆங்கில மருத்துவர், 1698இல் வெளிவந்த தமது நூலில், ஐந்து பொருள்கள் சேர்வதனாலேயே இப்பெயர் வந்தது என்று எழுதினார். சாராயம், எலுமிச்சைச் சாறு, சீனி, நீர், நறுஞ்சரக்கு என்பனவே பொதுவாகக் கூறப்படும் அவ்வைந்து. 'பஞ்சன்' என்னும் பெரிய பீப்பாவின் பெயர் குறுகியே பஞ்ச் ஆயிற்று என்று வாதிடுவோரும் உளர். சொல்லின் பிறப்பு எதுவாயினும், ஆங்கிலத்தில் அது முதன்முதல் எழுத்திற் காணப்படுவது 1632ஆம் ஆண்டிலாகும். கிழக்கிந்தியக் கும்பனியிற் பணிபுரிந்த ரொபேட் அடம்ஸ் என்பவர், சோழமண்டலக் கரையின் வடபால் உள்ள பெத்தப்பள்ளியில் இருந்த வணிகர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில் அச்சொல் வருகின்றது. ஆகவே இப்பானத்தின் முதற் சான்று நமது கடலை அடுத்த கரையிலேயே கிடைக்கின்றது.

ஆங்கிலேயர் தம் நாட்டிற் பழகியவை பியரும் திராட்சை மதுவுமாம். வெப்ப மண்டலக் கடலில் மாதக்கணக்காகச் செல்லும் கப்பலில் அவை விரைவிற் கெட்டுப்போயின. கீழைத்தேயத் துறைமுகங்களிலோ சாராயம் மலிவாகக் கிடைத்தது, அது கெடுவதுமில்லை. ஆயினும் வடித்த சாராயத்தை அவ்வாறே அருந்துதல் தொண்டைக்கும் உடலுக்கும் கொடிது. எனவே உள்ளூரிற் கிடைத்த தேசிக்காயும் சீனியும் நீரும் சேர்த்து அதன் வேகத்தைத் தணித்தனர். தேவையிலிருந்து பிறந்த இக்கலவை, பின்னர் நாகரிகமாக வளர்ந்தது.

அக்காலத்தில் மேனாட்டார் 'அரக்' என்ற ஒரே பெயரால் வெவ்வேறு பானங்களைக் குறித்தனர். அரபு மொழியில் 'அரக்' என்றால் வியர்வை. வடிகலத்தின் குளிர்ந்த பகுதியில் ஆவி துளித்துளியாகப் படிவதைக் கண்டோர் இட்ட பெயர் அது. யாவாவின் பத்தாவியா நகரில் வடித்தது கரும்புப்பாகினையும் புளிக்க வைத்த அரிசியையும் ஆதாரமாகக் கொண்டது. கோவையிலிருந்து வந்தது தென்னங்கள்ளிலிருந்து வடித்தது. இலங்கைச் சாராயமும் தென்னங்கள்ளின் வழிவந்ததே. மலராத தென்னம்பாளையைக் கட்டித் தட்டிச் சீவினால் முட்டியில் இனிய சாறு வடிகின்றது. காற்றிலும் முட்டியிலும் உள்ள நுண்ணுயிர்கள் அதனைச் சில மணி நேரத்திற் கள்ளாக்கிவிடும். காலந்தாழ்த்தினால் கள் காடியாகும். ஆதலின் தாமதமின்றி வடிசாலைக்குச் செல்லவேண்டும். வடித்த சாராயம் ஹல்மில்ல மரத் தொட்டிகளில் முதிர வைக்கப்படும். இம்மரத்தை ஆங்கிலேயர் திருக்கோணமலை மரம் என்றே அழைத்தனர். 1817இல் இலங்கையின் பொருளாதாரத்தைப் பற்றி நூலெழுதிய பேர்த்தொலாச்சி, தீவின் ஏற்றுமதிப் பொருள்களுள் சாராயத்துக்கு முக்கிய இடம் அளித்துள்ளார்.

இனி, இங்கிலாந்தின் இல்லங்களுக்குச் செல்வோம். பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பஞ்ச் அங்கே பரவியது. 1655இல் ஆங்கிலேயர் ஜமெய்க்காத் தீவைக் கைப்பற்றிய பின்னர், சாராயத்தோடு றம்மும் இக்கலவையில் இடம்பெற்றது. சீனப் பீங்கானிற் செய்த பெரிய கிண்ணம், வெள்ளி அகப்பை, சாதிக்காய் துருவும் சிறு கருவி ஆகியன வசதியுள்ள வீடுகளின் தளபாடங்களாயின. பானத்தைக் கலக்கும் பொறுப்பைப் பணியாளரிடம் விடாது வீட்டுத் தலைவரே ஏற்பது மரபு. சாள்ஸ் டிக்கின்ஸ் இதில் வல்லவர். அவர் 1847இல் ஓர் அம்மையாருக்குப் பஞ்ச் செய்முறையை விளக்கிக் கடிதமே எழுதினார்.

இச்செய்முறையில் ஒரு நியதி உண்டு. முதலில் எலுமிச்சையின் மஞ்சள் தோலைச் சீனிக்கட்டியில் உரைப்பர். தோலில் உள்ள நறுமண எண்ணெயைச் சீனி உறிஞ்சிக்கொள்ளும். அடுத்துச் சாறும் நீரும் சேர்த்துச் சீனியைக் கரைப்பர். மது சேர்வது அதற்குப் பின்னரே. சீனி நீரிற் கரைவது போன்று மதுவில் எளிதிற் கரைவதில்லை என்பதே இவ்வொழுங்கின் காரணம். இறுதியிற் சாதிக்காயைத் துருவித் தூவுவர். மேற்கிந்தியத் தீவுகளில் வழங்கும் அளவுமுறை ஒன்று புகழ்பெற்றது. புளிப்பு ஒரு பங்கு, இனிப்பு இரண்டு பங்கு, மது மூன்று பங்கு, நீர் நான்கு பங்கு என்பது அது. இதனைக் கணக்கிட்டுப் பார்த்தால் ஓர் உண்மை புலனாகும். பத்துப் பங்கில் மது மூன்றே பங்கு. ஆகவே நூற்றுக்கு 40 வீதம் மதுசாரம் கொண்ட பானம், கலந்தபின் 12 வீதமாகக் குறைகின்றது. அஃது ஏறத்தாழத் திராட்சை மதுவின் வலிமையே.

எந்த மதுவைத் தெரிந்தெடுப்பது என்பது அக்காலத்திலேயே பெரிய வினாவாயிருந்தது. 1731இல் இலண்டனில் ஜேம்ஸ் அஷ்லி என்பவர் பஞ்ச் விற்பனைக்கெனத் தனிக்கடை திறந்து, விலையைப் பகிரங்கமாக அறிவித்தார். கால் கலன் கீழைத்தேயச் சாராயத்தைப் பஞ்ச் ஆக்கித் தர ஆறு சிலிங். அதே அளவு றம் அல்லது பிரண்டிக்கு நான்கு சிலிங். கீழ்க்கடலிலிருந்து சென்ற சாராயமே அங்கு உயர்குடிப் பானமாக மதிக்கப்பட்டது என்பதற்கு இவ்விலையே சான்று. விலை உயர்ந்தால் போலியும் தோன்றும் அன்றோ? வில்லியம் கிச்சினர் என்னும் சமையல் நூலாசிரியர், நல்ல றம்மிற் சாம்பிராணிச் சத்தைச் சிறிதளவு கரைத்தால், இலண்டன் வொக்ஸோல் பூங்காவில் விற்கும் சாராயப் பஞ்சின் மணம் வந்துவிடும் என்று எழுதிவைத்தார். அந்தப் பூங்காவின் பஞ்சையே தக்கரே தமது 'வனிற்றி ஃபெயர்' நாவலில் கதைத்திருப்பமாக அமைத்தார். இந்தியாவில் உத்தியோகம் பார்த்துத் திரும்பிய ஜோஸ் செட்லி ஒரு கிண்ணம் பஞ்சை அளவு மீறிக் குடித்துத் தன்னிலை மறக்கிறான். கைகூட இருந்த திருமணம் நின்றுபோகின்றது. கற்பனைக் கதையேயாயினும், கலவையின் இனிமை மதுவின் வலிமையை மறைத்துவிடும் என்ற உண்மையை அது நன்கு காட்டுகின்றது.

மதுவின் வலிமையை அளந்தறிவது நெடுங்காலம் கடினமாயிருந்தது. போத்தலைக் குலுக்கி, எழும் நுரைமுத்துக்கள் நிற்கும் நேரத்தைப் பார்ப்பது ஒரு வழி. வெடிமருந்தை மதுவில் நனைத்துத் தீயிட்டுப் பார்ப்பது மற்றொரு வழி. மருந்து பற்றிக்கொண்டால் மது தேறியது. பற்றாவிடின் நீர் கலந்தது. 1816இல் பிரித்தானியச் சட்டம் பாத்தலோமியு சைக்ஸ் என்பவரின் நீர்மமானியை ஏற்றுக்கொண்டபோது இவ்வையம் ஒருவாறு நீங்கியது. சட்டம் வகுத்த அளவுகோல் மதுவில், நூறு பங்கில் ஏறத்தாழ 57 பங்கு மதுசாரம் இருந்தது. அளவில்லாத மதுவின் தீமையைக் கடற்படையும் உணர்ந்திருந்தது. 1740இல் கடற்படைத் தளபதி வேர்ணன், மாலுமிகளுக்குரிய றம்மை ஒரு பங்குக்கு நான்கு பங்கு நீர் சேர்த்து, நாளில் இரு வேளையாகப் பிரித்துக் கொடுக்குமாறு கட்டளையிட்டார். றோயல் கடற்படையில் றம் வழங்கும் வழக்கமோ 1970ஆம் ஆண்டு ஜூலை 31ஆந் திகதி வரை நீடித்தது.

சாராயம் சென்ற மற்றொரு நாடு சுவீடன். 1731இல் நிறுவப்பட்ட சுவீடிஷ் கிழக்கிந்தியக் கும்பனியின் கப்பல்கள் பத்தாவியாச் சாராயத்தைக் கொண்டு சென்றன. அங்கே பஞ்ச் முன்னதாகவே கலந்து போத்தலில் அடைக்கப்படும் இனிய பானமாக மாறியது. வியாழக்கிழமைகளிற் பட்டாணிக் கஞ்சியோடு சூடான பஞ்ச் அருந்தும் வழக்கம் அந்நாட்டாரின் மரபாகிவிட்டது.

பொதுக்கிண்ணத்தின் ஆட்சி பத்தொன்பதாம் நூற்றாண்டிலே தளர்ந்தது. 1806இல் நியூயோர்க் மாநிலத்தின் ஹட்சன் நகரப் பத்திரிகை ஒன்று, கொக்டெயில் என்பது மது, சீனி, நீர், கசப்புச் சத்து ஆகியவற்றின் கலவை என்று விளக்கம் தந்தது. ஜெரி தொமஸ் என்னும் அமெரிக்கர் 1862இல் வெளியிட்ட கலவைப் பான நூலில் பஞ்ச் வகைகளே பெரும்பகுதியைக் கொண்டிருந்தன. ஆயினும் பலர் கூடிப் பகிர்ந்த கிண்ணத்தின் இடத்தை, ஒருவர்க்கு ஒரு குவளை என்ற முறை பிடித்துக்கொண்டு வந்தது. அம்முறைக்குத் துணைபுரிந்தது பனிக்கட்டி. பொஸ்டன் வணிகர் பிரெடெரிக் ரியூடர் 1833இல் ஏரிப் பனிக்கட்டியைக் கல்கத்தாவுக்குக் கப்பலில் அனுப்பினார். அவ்வணிகத்துக்கெனச் சென்னையில் 1842இல் எழுந்த கட்டடமே ஐஸ் ஹவுஸ். 1897இற் சுவாமி விவேகானந்தர் அங்கே தங்கியதன் காரணமாக, அது இன்று விவேகானந்தர் இல்லம் என்று பெயர்பெற்றுள்ளது.

1920ஆம் ஆண்டு முதல் 1933ஆம் ஆண்டு வரை ஐக்கிய அமெரிக்காவில் மதுவிலக்கு நிலவியது. மதுச்சாலைகள் மூடப்பட்டன, ஆனால் கலவைப் பானம் வீட்டுக்குட் புகுந்தது. கள்ளமாகச் செய்த மதுவின் கெட்ட சுவையை மறைக்கப் பழச்சாறும் தேனும் பயன்பட்டன. கைத்தொழிலுக்கான மதுசாரத்தைக் குடிக்கத் தகாததாக்குவதற்கு அரசு அதில் மெதனோல் என்னும் நச்சு மதுசாரத்தைச் சேர்ப்பித்தது. அதனைக் களவாக எடுத்துக் குடித்துப் பலர் கண்ணிழந்தனர், உயிரிழந்தோரும் பலர். மதுவின் வேகத்தைத் தணிக்கத் தோன்றிய கலை, நஞ்சின் சுவையை மறைக்கும் உபாயமாகத் தாழ்ந்தமை வரலாற்றின் கொடுமையாகும்.

கிண்ணத்தின் மறுகோடியிலே இலங்கைத் தென்னஞ்சோலை இருந்தது. ஒல்லாந்தர் தம் ஆட்சியிற் சாராய விற்பனை உரிமையைக் குத்தகைக்கு விட்டு வருமானம் பெற்றனர். 1796இல் வந்த பிரித்தானியரும் அம்முறையையே பின்பற்றினர். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே குத்தகைக்காரர் சிலர் பெருஞ்செல்வராயினர். அரசின் திறைசேரியும் நிரம்பியது. களுத்துறைக் கரையில் மரத்துக்கு மரம் கட்டிய கயிற்றின்மேல் நடந்து பாளை சீவியவனுக்குக் கிடைத்ததோ நாட்கூலியே. தவறணைகள் ஊர்தோறும் பெருகியபோது, அவற்றின் வாயிலிற் கூலியை இழந்தவர்கள் உழைப்பாளிகளே. 1912ஆம் ஆண்டு மதுவரிச் சட்டம் கொண்டுவரப்பட்டதும் மதுவொழிப்பு இயக்கம் வலுவடைந்தது. எப். ஆர். சேனநாயக்கா, டி. பி. ஜயதிலகா முதலானோர் அதன் முன்னணியில் நின்றனர். பின்னாளிற் சுதந்திரத்துக்குக் குரல்கொடுத்த தலைவர்கள் பலரைப் பொதுவாழ்வுக்கு அழைத்துவந்த மேடைகளுள் அவ்வியக்கமும் ஒன்று.

இவ்வரலாறு நாநூறு ஆண்டுகளைத் தழுவியது. எனினும் அது எழுப்பும் கேள்வி பழையதாகிவிடவில்லை. 2024ஆம் ஆண்டு ஜூன் மாதம் தமிழ்நாட்டின் கள்ளக்குறிச்சியில் மெதனோல் கலந்த சாராயத்தைக் குடித்து 60க்கு மேற்பட்டோர் மாண்டனர். அவர்கள் வாங்கியது விலை மலிந்த பொட்டலச் சாராயம். அதன் உறையிற் பெயருமில்லை, அளவுமில்லை. மெதனோலை நாக்கு வேறுபிரித்து அறியாது. எலுமிச்சைச் சாறும் சீனியும் அதனை முறிக்கமாட்டா. நீர்மமானியும் அதனைக் காட்டிக்கொடுக்காது. இரண்டும் நீரிலும் இலேசானவையே. வடித்தவன் யார், சோதித்தவன் யார் என்பதை அறிவிக்கும் முத்திரையே குடிப்பவனுக்கு உள்ள காப்பு. பழங்காலத்து வீட்டுத் தலைவன் தன் விருந்தினர் முன்னிலையிலே போத்தலைத் திறந்து, அளந்து ஊற்றி, முதல் அகப்பையைத் தானே சுவைத்தபின் பிறர்க்கு வழங்கினால், அதிற் பெருமிதமும் இருந்திருக்கலாம். ஆயினும் பிறர்க்கு ஒன்றைக் குடிக்கக் கொடுப்பவன் அதற்குப் பொறுப்பாளியும் ஆவான் என்பதை அச்செயல் உணர்த்திற்று.