வெள்ளத்தில் மூழ்கிய கார்கள் எங்கே போகின்றன?

பொதுத்துறை இன்சூரன்ஸ் கம்பெனி ஒன்றில் முப்பத்து நான்கு வருடம் குப்பை கொட்டியவன் நான். அதில் பாதி மோட்டார் க்ளெய்ம் பிரிவில். 2018 ஜனவரியில் ஹூஸ்டனில் மகன் வீட்டுக்குப் போனபோது எல்லோரும் நாசாவைப் பார்க்கக் கூப்பிட்டார்கள். என் கண்ணோ தெருவோரக் கார்களின் மேலேயே இருந்தது. தொழில் புத்தி!

ஹார்வி புயல் அடித்து ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. 2017 ஆகஸ்ட் 25 இரவு டெக்சாஸ் கரையேறிய புயல், நகராமல் அங்கேயே சுற்றி நின்று கொட்டித் தீர்த்தது. நெடர்லாண்ட் என்ற ஊரில் 60 அங்குலத்துக்கு மேல் மழை. நம் சென்னைக்கு வருடம் முழுக்கச் சேர்த்துப் பெய்வதே சுமார் 55 அங்குலம். மூழ்கிய கார்கள் லட்சக்கணக்கில்.

அவை என்னவாயின? இன்சூரன்ஸ் இருந்த வண்டிக்கு வழி சுலபம். கம்பெனி 'டோட்டல் லாஸ்' என்று பணத்தைக் கொடுத்துவிட்டு வண்டியைத் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ளும். அந்த ஊர் ஆர்.சி.க்கு 'டைட்டில்' என்று பெயர். அதில் 'சால்வேஜ்' என்றோ 'வெள்ளம்' என்றோ முத்திரை விழும். பிறகு ஏலம். கோபார்ட் போன்ற ஏலக் கம்பெனிகள் 2003 முதலே இணையத்தில் ஏலம் விடுகின்றன. கதவு, டயர், கண்ணாடி என்று பிரித்து விற்பவர்கள், ரிப்பேர் செய்து விற்பவர்கள், கப்பலேற்றி வெளிநாடு அனுப்புபவர்கள் எல்லோரும் வாங்குவார்கள்.

முத்திரை இருக்கும்வரை இதில் குற்றமில்லை. ஆனால் அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியே டைட்டில் தருகிறது. ஒரு மாநிலத்து முத்திரைக்கு இன்னொரு மாநிலத்தில் அர்த்தமே இருக்காது. வண்டியை எல்லை தாண்டிக் கொண்டுபோய்ப் பதிந்தால் புதுக் காகிதம் சுத்தமாக வந்துவிடும். 'டைட்டில் வாஷிங்' என்கிறார்கள். காரைக் கழுவ முடியாவிட்டாலும் காகிதத்தைக் கழுவிவிடலாம்!

இதைத் தடுக்க 1992-லேயே சட்டம் போட்டார்கள். எல்லா மாநிலத் தகவலும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும் என்பது ஏற்பாடு. பொதுமக்கள் அதைப் பார்க்க முடிந்தது 2009 ஜனவரியில்தான். பதினேழு வருடம்! நம் அரசாங்க ஆபீஸ்களை மட்டும் குறை சொல்லிக்கொண்டிருந்த எனக்கு அற்ப திருப்தி.

நடுவில் 2005-ல் கத்ரீனா வந்தது. நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில் எண்பது சதவீதம் தண்ணீருக்குள். வடியவே வாரக்கணக்கானது. கேட்பாரற்ற கார்களை இழுத்து வந்து கிளைபோர்ன் மேம்பாலத்தின் கீழே வரிசையாக விட்டார்கள். ஒவ்வொன்றின் மேலும் தண்ணீர் நின்ற மட்டத்தில் பழுப்புக் கோடு. அந்த வருடம்தான் இன்சூரன்ஸ் கம்பெனிகளின் குற்றத் தடுப்பு அமைப்பு, வண்டியின் வின் நம்பரை (நம் சேஸிஸ் நம்பர் மாதிரி) யாரும் இலவசமாகத் தட்டிப் பார்க்க வசதி செய்தது.

2012 அக்டோபரில் வந்த சாண்டி வேறு வகை. அது கடல் தண்ணீர். நியூவார்க் துறைமுகத்தில் நின்றிருந்த ஃபிஸ்கர் கர்மா என்ற புத்தம்புதுக் கார்கள் பதினாறு எரிந்தே போயின. ஒரு வண்டியில் உப்புநீர் புகுந்து ஷார்ட் சர்க்யூட் ஆகி, காற்று தீயைப் பரப்பிவிட்டது என்றது கம்பெனி. லாங் ஐலண்டில் இடம் போதாமல், ஒரு காலத்தில் எஃப்-14 போர் விமானங்கள் பறந்து சோதிக்கப்பட்ட கால்வர்டன் ஓடுதளத்தில் ஆயிரக்கணக்கான நனைந்த கார்களை நிறுத்தினார்கள்.

இத்தனை ஏற்பாட்டிலும் ஓர் ஓட்டை உண்டு. தேர்டு பார்ட்டி மட்டும் எடுத்த ஏழைக்கு வெள்ளத்துக்குக் க்ளெய்ம் கிடையாது. க்ளெய்ம் இல்லையென்றால் முத்திரையும் இல்லை, பதிவும் இல்லை. அந்தக் கார் எந்த ஊர் கம்ப்யூட்டரிலும் நனையவே இல்லை!

மகனின் நண்பர் ஒருவர், படிக்க வந்த பையன், செகண்ட் ஹேண்ட் கார் பார்த்திருந்தான். விலை கொள்ளை மலிவு. நானும் போனேன். வின் நம்பரைத் தட்டினோம், சுத்தம். டைட்டிலும் சுத்தம். உள்ளே ரோஜா வாசனை தூக்கலாக இருந்தது. அதுதான் எனக்கு உறுத்தியது. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தேன். உள்ளே சுருண்டிருந்த கடைசி ஒரு முழம் முழுக்கக் காய்ந்த வண்டல். சீட்டுக்கு அடியில் ஏர்பேக் ஒயர் கனெக்டரில் பச்சை பூத்திருந்தது. ஓட்டிப் பார்த்தால் நன்றாகத்தான் ஓடும். மோதும் நாளன்று ஏர்பேக் விரியுமா என்பதுதான் கேள்வி.

விற்றவர் என் வயதுக்காரர், கூரை வேலை செய்பவர். பெல்ட்டைப் பார்த்துவிட்டு மறுக்கவில்லை. இன்சூரன்ஸ் ஒரு டாலர் கூடத் தரவில்லை, இதை விற்றுத்தான் இன்னொன்று வாங்க வேண்டும், இல்லாவிட்டால் வேலைக்குப் போக முடியாது என்றார். எத்தனையோ க்ளெய்ம்களை "பாலிசியில் இடமில்லை" என்று எழுதித் திருப்பியவன் நான். அவரிடம் கோபப்பட எனக்கு வாய் வரவில்லை. பையனை மட்டும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

அடுத்த வாரம் நடைப்பயிற்சியில் அந்தப் பக்கம் போனேன். வண்டியைக் காணோம். யாரோ வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.