கடல்கோளும் முருகைக் கற்பாறையும்

கடல் நிலத்தைக் கொள்ளும் என்னும் நினைவு தமிழரிடையே மிகப் பழையது. முதற்சங்கமும் இடைச்சங்கமும் இருந்த நகரங்களைக் கடல் கொண்டது என இறையனார் களவியலுரை கூறும். களனியில் அரசு செய்த தீசன் காலத்திற் கடல் பொங்கி நாட்டினுட் புகுந்த செய்தியை மகாவமிசம் கூறும். இவற்றுள் வரலாறு எவ்வளவு, புனைவு எவ்வளவு என்பது அறிஞரிடையே நெடுங்காலமாக வாதத்துக்குரியதாய் இருந்து வருகின்றது. எனினும், கடலின் ஏற்றத் தாழ்வுக்கு ஏட்டில் எழுதப்படாத சான்று ஒன்றும் உண்டு. அதுவே முருகைக்கல். நெடுந்தீவில் வளவுகளைச் சூழ்ந்து நிற்கும் வேலிகளிலும், யாழ்ப்பாணக் கோட்டையின் மதில்களிலும் இக்கல்லை எவரும் காணலாம். கடல் எக்காலத்தில் எங்கே நின்றது, எவ்வளவு விரைவாக உயர்ந்தது, அதற்கு ஈடுகொடுத்துக் கடல்வாழ் உயிர்கள் எவ்வாறு பிழைத்தன என்னும் வினாக்களுக்கு இக்கல் விடை தருகின்றது. உலகின் காலநிலை விரைந்து மாறிவரும் இந்நாளில் அவ்விடையை ஆராய்தல் பயனுடைத்து.

முருகை தாவரமும் அன்று, கல்லும் அன்று. அது கடலடியில் ஒட்டி வாழும் ஒரு சிற்றுயிர். கடல்நீரிலுள்ள சுண்ணாம்பைக் கொண்டு அது தனக்கு ஒரு கூட்டை ஆக்கிக்கொள்கின்றது. ஓர் உயிர் மடிய, அதன் கூட்டின்மேல் இன்னோர் உயிர் கூடமைக்கின்றது. இவ்வாறு ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக எழுந்த சுண்ணக் கட்டடமே முருகைக் கற்பாறை. இதனைக் கட்டும் முருகைகளின் தசையினுள்ளே நுண்ணிய அல்காக்கள் குடியிருக்கின்றன. அவை ஞாயிற்றின் ஒளியைக் கொண்டு உணவாக்கி, அதிற் பெரும்பகுதியைத் தமக்கு இடந்தந்த முருகைக்கு வழங்குகின்றன. ஆதலால், ஒளி புகுகின்ற ஆழங்குறைந்த வெப்பக் கடல்களிலேயே கற்பாறைகள் எழுகின்றன. கற்பாறை அமைக்கும் இனங்களுட் சில, நீர்மட்டத்துக்குக் கீழே சில மீற்றர் ஆழத்துள்ளேயே செழிப்பன. நிலம் தாழாத ஓரிடத்தில், அத்தகைய இனத்தின் கூடு இன்று நூறு மீற்றர் ஆழத்திற் கிடைக்குமாயின், அது வாழ்ந்த நாளிற் கடல்மட்டமும் ஏறக்குறைய அவ்வளவு தாழ்ந்திருந்தது என்பது பெறப்படும்.

இத்துறையில் முதலடி வைத்தவர்களுள் தலைசிறந்தவர் சாள்ஸ் டார்வின். 'பீகிள்' என்னும் கப்பலில் உலகைச் சுற்றிய அவர், 1836-ஆம் ஆண்டு ஏப்பிரில் மாதத்தில் இந்து சமுத்திரத்திலுள்ள கீலிங் தீவுகளை ஆராய்ந்தார். 1842-இல் முருகைக் கற்பாறைகள் பற்றிய தம் நூலை வெளியிட்டார். எரிமலைத் தீவொன்று மெல்ல மெல்லத் தாழ, அதன் கரையிலுள்ள முருகை மேல்நோக்கி வளர்ந்து ஒளியை விடாது பற்றிக்கொள்கின்றது. இறுதியில் தீவு மறைய, வளையம் போன்ற கற்பாறை மாத்திரம் எஞ்சுகின்றது என்பது அவர் கொள்கை. 1952-இற் பசிபிக் சமுத்திரத்து எனிவெற்றொக் தீவில் ஆழத் துளையிட்டபோது, 1,200 மீற்றருக்கு மேற்பட்ட முருகைச் சுண்ணக்கல்லின் கீழே எரிமலைப் பாறை காணப்பட்டது. டார்வின் கொள்கை இவ்வாறு நிலைநாட்டப்பட்டது. ஆயின், தாழ்வது நிலம் மட்டுமன்று, கடலே ஏறி இறங்குவதும் உண்டு என்பதை வற்புறுத்தியவர் றெஜினோல்ட் டேலி என்னும் புவிச்சரிதவியலாளர். பனிக்கட்டிக் காலங்களிற் பெருந்தொகையான நீர் கண்டங்களின்மேற் பனிக்கட்டியாய்த் தங்கக் கடல் தாழ்ந்தது என்றும், பனிக்கட்டி உருகக் கடல் மீண்டும் உயர்ந்தது என்றும், அவ்வேற்ற இறக்கமே இன்றைய கற்பாறைகளின் அமைப்பை வகுத்தது என்றும் அவர் 1910-ஆம் ஆண்டு தொடக்கம் எழுதினார்.

கடல் எவ்வளவு தாழ்ந்தது என்பதை முருகையே கூறியது. மேற்கிந்தியத் தீவுகளுள் ஒன்றாகிய பாபடோசின் கடலடியிலே துளையிட்டு எடுத்த முருகைகளை ஆராய்ந்து, றிச்சட் பெயர்பாங்ஸ் என்பார் 1989-இல் ஒரு முடிபை வெளியிட்டார். ஏறக்குறைய 20,000 ஆண்டுகளுக்கு முன்னர்க் கடல்மட்டம் இன்றைய மட்டத்துக்கு 120 மீற்றர் அளவிற் கீழே இருந்தது என்பதே அது. அக்காலத்திற் பாக்கு நீரிணை என ஒன்று இல்லை. பெரும்பாலும் 15 மீற்றருக்குக் குறைந்த ஆழமுடைய பாக்கு விரிகுடா உலர்ந்த நிலமாய்க் கிடந்தது. ஈழமும் தமிழகமும் ஒரே நிலப்பரப்பாய் இருந்தன. பின்னர்க் கடல் உயர்ந்தது ஒரே சீராகவும் அன்று. 14,500 ஆண்டுகளுக்கு முன்னர், 350 ஆண்டுகளுக்கு மேற்படாத காலத்தில், அது 14 முதல் 18 மீற்றர் வரை உயர்ந்ததென்பதைப் பசிபிக்கிலுள்ள தாகித்தித் தீவின் முருகைகள் காட்டின. ஆண்டொன்றுக்கு 40 மில்லிமீற்றருக்குக் குறையாத அவ்வேகத்திலும் தாகித்தியின் கற்பாறை முற்றாக மாண்டு போகவில்லை.

அவுஸ்திரேலியாவின் கிழக்குக் கரைக்கு அப்பாலுள்ள பெருந்தடுப்பு முருகைக் கற்பாறைத் தொடரின் வரலாறு இன்னும் தெளிவானது. 2010-இல் அதன் வெளிவிளிம்பிலே துளையிட்டு எடுத்த மாதிரிகளின் ஆய்வு 2018-இல் வெளியாயிற்று. கடந்த 30,000 ஆண்டுகளில் அத்தொடர் ஐந்து முறை மடிந்து, ஐந்து முறையும் மீண்டதென அவ்வாய்வு கூறுகின்றது. கடல் தாழ்ந்து கற்பாறை வெயிலில் வெளிப்பட்டபோது முருகை கடற்புறமாக இடம்பெயர்ந்தது. கடல் விரைந்து உயர்ந்து பழைய கற்பாறையை மூழ்கடித்தபோது கரைப்புறமாக இடம்பெயர்ந்தது. ஆண்டொன்றுக்கு இருபது சதமமீற்றர் முதல் ஒன்றரை மீற்றர் வரையான வேகத்தில் அப்பெயர்வு நிகழ்ந்தது. ஏறக்குறைய 10,000 ஆண்டுகளுக்கு முன் நேர்ந்த இறுதி அழிவுக்குச் சேறு மிகுந்து நீர் கலங்கியமை காரணமாயிற்று. முருகை பிழைத்ததற்கு இரண்டு காரணங்கள் புலனாகின்றன. பெயர்ந்து செல்ல இடம் இருந்தது. பெயர்வதற்குக் காலம் இருந்தது.

ஈழத்திலும் இதற்குச் சான்று உண்டு. தென்மேற்குக் கரையில் அம்பலாங்கொடைக்கும் இக்கடுவைக்கும் இடையே அக்குரலைப் பகுதியில், கரைக்கு உட்புறமாக, நிலத்தின் கீழே முருகைப் படைகள் புதைந்து கிடக்கின்றன. ஏறக்குறைய 6,000 ஆண்டுகளுக்கு முன்னர்க் கடல்மட்டம் இன்றைய மட்டத்தினும் சற்று உயர்ந்து நின்ற காலத்தில் வளர்ந்தவை அவை. கடல் பின்வாங்க, அவை நிலத்தில் எஞ்சின. உயிர் முருகை கடலோடு சென்றது.

இவ்வளவும் பிழைத்த உயிர் இன்றைய மாற்றத்தையும் பிழைக்காதோ என ஒருவர் வினவலாம். 1901 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் 20 சதமமீற்றர் உயர்ந்தது. 2006 முதல் 2018 வரை அதன் வேகம் ஆண்டுக்கு 3.7 மில்லிமீற்றர். தாகித்தி கண்ட வேகத்தோடு ஒப்பிடின் இது சிறிதே. நல்ல நிலையிலுள்ள கற்பாறை ஆண்டுக்குச் சில மில்லிமீற்றர் உயரவல்லது. ஆயின், கற்பாறை நல்ல நிலையில் இருத்தல் வேண்டும் என்பதிலேயே இன்றைய இடர் அடங்கியுள்ளது. கைத்தொழிற் புரட்சிக்கு முன்னர் வளியிற் பத்து இலட்சத்தில் 280 பங்காய் இருந்த காபனீரொட்சைட்டு இன்று 420 பங்கைக் கடந்துள்ளது. அதனாற் கடல்நீர் வெப்பமடைகின்றது. அவ்வாயுவை உறிஞ்சும் நீரின் தன்மையும் மாற, முருகைக்குக் கூடமைத்தல் அரிதாகின்றது. கோடையின் உச்ச வெப்பத்துக்கு மேல் ஒரு பாகை செல்சியசு மிகுந்து, அது சில வாரங்கள் நீடிப்பின், முருகை தன்னுள் வாழும் அல்காக்களை வெளியேற்றி வெளிறிப் போகின்றது. வெப்பம் விரைவிற் தணியாவிடின் அது பட்டினியால் மடிகின்றது. உயரும் நீருக்கு ஈடாக முருகை மேலே வளரலாம். கடல் முழுவதும் பரவும் வெப்பத்துக்கு அஞ்சி எங்கே செல்வது?

1998-ஆம் ஆண்டு இவ்வினா உலகின் முன் எழுந்தது. அவ்வாண்டின் வெப்பம் உலகத்து முருகைக் கற்பாறைகளில் ஏறக்குறைய 16 வீதத்தை அழித்ததென மதிப்பிடப்பட்டது. 1992-இற் சரணாலயமாக்கப்பட்ட, கற்பிட்டிக்கு அப்பாலுள்ள 'பார் ரீவ்' கற்பாறையின் ஆழங்குறைந்த பகுதியில் உயிர் முருகை ஏறக்குறைய முற்றாக மடிந்தது. இக்கடுவையும் பெருஞ் சேதமுற்றது. திருகோணமலைப் புறாத்தீவின் முருகைகளோ அவ்வாண்டிற் தப்பின. பின்னர்ப் பார் ரீவ் மெல்ல மெல்ல மீளத் தொடங்கிற்று. 2016-இல் மீண்டும் வெளிறல் நேர்ந்தது. உலகெங்கும் இதுவே நிலை. 1980-களின் தொடக்கத்தில் ஓரிடத்திற் கடும் வெளிறல் 25 முதல் 30 ஆண்டுகளுக்கு ஒருமுறை நேர்ந்தது. 2016 அளவில் அவ்விடைவெளி ஆறு ஆண்டுகளாய்க் குறைந்ததென 2018-இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. 2024 ஏப்பிரிலில் உலகளாவிய நான்காம் வெளிறல் அறிவிக்கப்பட்டது. முன்னைய அழிவுகளின்பின் முருகைக்கு நூற்றாண்டுகள் கிடைத்தன. இன்று அதற்குப் பத்தாண்டுகளும் கிடைப்பது அரிதாயிற்று.

காலம் குறுகியதோடு இடமும் குறுகிற்று. அதற்கு மனிதன் கையே காரணம். ஈழத்தின் தென்மேற்கு, தென் கரைகளிற் சுண்ணாம்புச் சூளைகளுக்காக 1980-களில் ஆண்டுக்கு ஏறக்குறைய 18,000 தொன் முருகைக்கல் எடுக்கப்பட்டது. 1981-ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டம் 1988-இல் திருத்தப்பட்டு, முருகை அகழ்வு தடைசெய்யப்பட்டது. எனினும் களவாக அகழ்தல் ஒழியவில்லை. அதன் விளைவு வேறொரு கடல்கோளின்போது வெளிப்பட்டது. 2004 திசெம்பர் 26-இல் எழுந்த ஆழிப்பேரலைக்குக் காலநிலை காரணமன்று. ஆயின், கற்பாறையின் பயனை அது காட்டிற்று. முருகை பாதுகாக்கப்பட்ட இக்கடுவையில் அலை ஐம்பது மீற்றர் அளவே உட்புகுந்தது என்றும், முருகை அகழப்பட்ட, சில கிலோமீற்றர் தொலைவிலுள்ள பெரெலியவில் ஒன்றரைக் கிலோமீற்றர் உட்புகுந்தது என்றும் 2005-இல் ஓர் ஆய்வுக்குழு எடுத்துக்காட்டிற்று. ஆயிரத்துக்கு மேற்பட்டோருடன் புகைவண்டியை அலை கவிழ்த்தது அப்பெரெலியவிலேயே. கடலடியின் அமைப்பும் அலையின் போக்கை வகுக்கும் என்பது உண்மையே. எனினும், இவ்விரு ஊர்களின் வேற்றுமை எளிதில் மறக்கத்தக்கதன்று.

முருகை அழியாத உயிர் என வரலாறு கூறவில்லை. இடமும் காலமும் கிடைத்தபோதெல்லாம் அது மீண்டது என்றே கூறுகின்றது. அவ்விரண்டும் இன்று மனிதன் கையில் உள்ளன. வெப்பத்தை ஆக்கும் புகையைக் குறைப்பது உலக நாடுகள் யாவற்றுக்கும் உரிய கடமை. அதற்கு ஒரு சிறு தீவின் முயற்சி போதாது. ஆனால் கல்லை அகழாது விடுவதும், ஆற்று வழியே சேறு சென்று நீரைக் கலக்காது காப்பதும், வெப்பத்துக்குத் தப்பிய முருகைகளை வித்தாகப் பேணுவதும் அவ்வக் கரையில் வாழ்வோரால் ஆகத்தக்கவை. ஈழத்தவர் இவற்றைச் செய்வாராயின், மீளுதற்கு வேண்டிய வித்தேனும் இக்கரைகளில் எஞ்சியிருக்கும். செய்யாது விடின், நெடுந்தீவு வேலியிலுள்ள கல் முன்னொரு காலத்தில் உயிருடன் வளர்ந்தது என்பதைக் கடலிற் காட்டாது, நூலிலிருந்தே மாணவர்க்குக் கற்பிக்க வேண்டிய நிலை வரும்.