குணக்குறை கூறும் ஆங்கிலச் சொற்களும் திருக்கோணமலைத் துறையும்

ஆங்கிலம் கல்லாதாரும் அறிந்த ஆங்கிலச் சொற்கள் பல நம் நாட்டில் உள. பஸ், லொறி, ரிக்கற் முதலிய பண்டப் பெயர்களை நீக்கிவிட்டு எஞ்சியவற்றைப் பார்த்தால், அவற்றுள் ஏசற் சொற்களே முன்வந்து நிற்கும். ராஸ்கல், இடியட், பூல், ரவுடி, லோபர் என்பன பள்ளிக்கூடத்து வாயிலை மிதியாதவர் நாவிலும் இடமறிந்து வந்து விழுகின்றன. வணக்கம் கூறக் கற்கு முன்னரே வைதல் கற்கப்படுகின்றது போலும்! ஆயினும், ஒருவனுடைய குறையை அளவறிந்து, கூட்டாமலும் குறையாமலும் ஆங்கிலத்திலே சொல்லவேண்டுமென்றால் பட்டம் பெற்றவரும் சற்றே தயங்குவர். இவன் கஞ்சனா, சிக்கனக்காரனா? இவள் செருக்குடையவளா, கூச்சமுடையவளா? வைவதற்கு ஐந்து சொற்கள் போதும். இவ்வினாக்களுக்கு விடை கூற ஐந்நூறு சொற்கள் வேண்டும்.

ஆங்கில மாணவர் மனப்பாடஞ் செய்யும் இச்சொற்களுக்கு நீண்ட வரலாறு உண்டு. அவ்வரலாற்றின் இரண்டு ஏடுகள் நமது திருக்கோணமலைத் துறையைச் சார்ந்து கிடக்கின்றன என்பதைப் பலர் அறியார். ஒன்று துறைக்குத் தெற்கே மூதூரில் நிகழ்ந்த ஒரு சிறைபிடிப்பு. மற்றொன்று நகரத்துப் பழைய கல்லறைத் தோட்டத்திலே துயிலும் ஒரு கடற்படைத் தளபதியின் சமாதி.

அவற்றை அணுகு முன்னர்ச் சொற்களின் பிறப்பைச் சிறிது நோக்குவோம். இன்று திரைப்படங்களால் நமக்கு நன்கு பழகிய 'வில்லன்' என்ற சொல், இடைக்கால ஐரோப்பாவிலே பிரபுவின் பண்ணையில் உழைத்த குடியானவனைக் குறித்து நின்ற சொல்லின் வழிவந்தது. 'பூர்' என்றால் இன்று பண்பற்ற முரடன், அன்று உழவன். 'நேவ்' என்றால் இன்று வஞ்சகன். அன்று வெறுஞ் சிறுவன், பின்னர் ஏவலாள். 'ராஸ்கல்' என்பதும் தனிமனிதனைச் சுட்டியதன்று. கீழ்மக்கட் கும்பல் என்பதே அதன் பழைய பொருள். உழுதவனும் ஏவல் செய்தவனும் அகராதியிலே கயவராயினர். சொல்லைப் பழக்கத்திற் கொணர்ந்தவர் மாடத்திலே இருந்தனர், சொல்லப்பட்டவர் சேற்றிலே நின்றனர் என்பதைத் தவிர இதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

நம் மொழியும் இதற்கு விலக்கன்று. கயவர் என்றவுடன் திருக்குறளின் நூற்றெட்டாம் அதிகாரம் நினைவுக்கு வரும். ஆனால் தொல்காப்பிய உரியியலிலே 'கயவு' என்பதற்குப் பெருமை என்னும் பொருள் கூறப்பட்டிருக்கின்றது! ஜீ. யு. போப் 1886ஆம் ஆண்டில் குறளை ஆங்கிலத்திற் பெயர்த்தபோது கயமை என்ற அதிகாரத் தலைப்புக்கு 'பேஸ்னஸ்' என்ற சொல்லை இட்டார். அச்சொல்லின் வேர்ப்பொருள் தாழ்வு, அதாவது உயரத்திற் குறைவு. நமது 'கீழ்மை'யும் அவ்வாறே பிறந்ததன்றோ? இந்த இடத்திலே இரு மொழிகளும் ஒரே படிக்கட்டில் நின்று கீழ்நோக்கிப் பார்க்கின்றன.

இனி மூதூருக்கு வருவோம். 1659ஆம் ஆண்டின் இறுதியில் மசூலிப்பட்டினக் கரையில் வீசிய புயலிலே 'ஆன்' என்னும் ஆங்கிலக் கப்பல் பாய்மரத்தை இழந்தது. அதனைச் செப்பஞ் செய்யவும் இடையிலே சிறிது வாணிகம் நடத்தவும் கொட்டியாரக் குடாவுக்கு அது அனுப்பப்பட்டது. அக்காலத்திலே கொட்டியாரம் கண்டியரசன் இரண்டாம் இராசசிங்கனின் ஆணைக்குட்பட்டிருந்தது. 1660ஆம் ஆண்டு ஏப்பிரல் 4ஆம் நாள் கப்பற்றலைவர் றொபேட் நொக்ஸ், அதே பெயருடைய பத்தொன்பது வயது மகன் ஆகியோரும் மாலுமிகள் சிலரும் அரசனுடைய ஆட்களாற் பிடிக்கப்பட்டு மலைநாட்டுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். தந்தை மறு ஆண்டு பெப்ருவரியிலே காய்ச்சலால் இறந்தார். மகன் பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேல் அங்கே வாழ்ந்து, 1679இல் அநுராதபுரக் காடுகளைக் கடந்து அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தான். 1681இல் இலண்டனில் வெளியான அவனது நூலே இலங்கையைப் பற்றி ஆங்கிலத்தில் எழுந்த முதற் பெருநூல்.

அந்நூலின் மூன்றாம் பகுதியில், தான் கண்ட மலைநாட்டு மக்களின் குணங்களை நொக்ஸ் ஒரே மூச்சில் அடுக்குகின்றான். நடையிலே கம்பீரம், அறிவிலே கூர்மை, எண்ணத்திலே சூழ்ச்சி, பேச்சிலே மரியாதையும் அதனோடு கலந்த முகத்துதியும் உடையவர் என்கிறான். கோபித்தால் எளிதில் ஆறுவர், வாக்கைக் காவார், பொய்யைத் தம்மிடத்தே பொறுத்துப் பிறரிடத்தே வெறுப்பர், சோம்பலில் விருப்பமுடையர், ஆயினும் மிகுதியாக உறங்குபவரல்லர். சோம்பலை விரும்பியும் உறங்காதிருக்கும் மக்களை எண்ணிப் பார்க்கச் சிறிது கடினமாகத்தான் இருக்கின்றது! இதே நூலில் மக்களுடைய பேச்சைப் பற்றிய அதிகாரத்திலே, அவர்கள் ஒருவரையொருவர் ஏசும் முறைக்கும் பழமொழிகளுக்கும் தனியிடம் தந்திருக்கிறான் நொக்ஸ். மொழி கற்பவன் வசவையும் கேட்டெழுதத் தவறுவதில்லை.

இப்பட்டியலை இன்றைய மாணவன் படித்தால் முதலில் இடறுவது சொற்பொருளிலேதான். குடும்பத்தை நடத்துவதில் இம்மக்கள் 'நியர்' என்று நொக்ஸ் எழுதுகின்றான். அண்மை என்று மாணவன் பொருள்கொள்வான். அக்காலத்து ஆங்கிலத்தில் அதற்குக் கையிறுக்கம் என்பது பொருள். உணவிலே 'நைஸ்' என்கிறான். நல்லவர் என்பதன்று அதன் கருத்து. எளிதில் திருப்தியடையாது தேர்ந்தெடுத்து உண்பவர் என்பதே கருத்து. 'நைஸ்' என்னும் சொல் ஆங்கிலத்தில் நுழைந்தபோது அதற்கு அறிவிலி என்று பொருள்; இன்று அது புகழ்ச்சி. 'கன்னிங்' என்பதோ அறிவு என்ற நிலையிலிருந்து வஞ்சகத்துக்கு இறங்கியது. ஏறுவனவும் உண்டு, இறங்குவனவும் உண்டு. நமது 'நாற்றம்' நறுமணத்திலிருந்து இறங்கியது போல.

சொற்பொருளைக் காட்டிலும் பெரிய இடறல் வேறொன்று. மக்கள் ஏன் தேவைக்கு மேல் உழைப்பதில்லை என்பதற்கு நொக்ஸே காரணமுங் காட்டியிருக்கிறான். செல்வம் பெருகினால் இறையும் பெருகும். உடைமையிருக்கிறதென்று வெளியிலே தெரிந்தால் அது பறிக்கப்படும். ஆகவே உண்ணவும் உடுக்கவும் போதுமானதற்கு மேல் தேடி அவர்கள் என்ன செய்வார்கள் என்று அவனே வினவுகின்றான். சோம்பல் என்று முன்னர் எழுதியவன், அது குணமன்று, ஆட்சிமுறையின் விளைவு என்பதையும் கண்டுகொண்டான். ஆனால் மக்களின் குணப்பட்டியல் ஓரிடத்திலும் காரணம் வேறிடத்திலும் கிடக்கின்றன. நூலைப் புரட்டுவோர் பட்டியலையே எடுத்துச் செல்வர். ஒரு சொல்லைத் தூக்கிச் செல்வது எளிது. அதன் காரணத்தைத் தூக்கிச் செல்ல வண்டி வேண்டும்.

நொக்ஸ் தன்னைப் பற்றிக் கூறுவனவும் ஈண்டு நோக்கத்தக்கன. அவன் தொப்பி பின்னி விற்றான்; நெல்லைக் கடனாகக் கொடுத்து ஆண்டுக்கு நூற்றுக்கு ஐம்பது வட்டி பெற்றான். இதனை அவன் முயற்சி எனக் கருதினான். ஊரவன் ஒருவன் அவ்வாறு செய்திருந்தால் அவனைச் சுட்ட ஆங்கிலத்திலே வேறு சொற்கள் ஆயத்தமாக இருந்தன. நொக்ஸைக் குறைகூற இதனைச் சொல்லவில்லை. அந்நியரிடையே தனித்து நின்ற இளைஞன் வேறென்ன செய்வான்? ஒரே செயலுக்கு ஆங்கிலத்தில் ஒரு நற்பெயரும் ஒரு கெட்ட பெயரும் உண்டென்பதையும், தனக்கு வரும்போது மனிதன் நற்பெயரையே எடுப்பான் என்பதையும் அறிவதற்கு இவனினும் சிறந்த எடுத்துக்காட்டு கிடைப்பதரிது.

அந்நிய ஆட்சி வேரூன்றிய பின்னர் இச்சொற்களுக்கு வலிமை மிகுந்தது. 1795இல் திருக்கோணமலை ஆங்கிலேயர் கைக்கு வந்தது. 1957 வரை அவர்களுடைய கடற்படைத் தளம் அங்கே இருந்தது. மேலதிகாரியின் மொழியிலே 'லேசி' என்ற ஒரு சொல் தொழிலாளியின் பெயருக்கெதிரே எழுதப்பட்டால், அதன் விலையைக் கொடுப்பவன் தொழிலாளியே. இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய கதையன்று. மலாயர், சாவகர், பிலிப்பினர் ஆகியோரைச் சோம்பேறிகளென்று குடியேற்ற ஆட்சியினர் நூற்றாண்டுக் கணக்கில் எழுதிவந்ததை ஆராய்ந்து, சையத் உசைன் அலத்தாசு என்னும் அறிஞர் 1977இல் ஒரு நூல் வெளியிட்டார். தோட்டத்துக்கும் சுரங்கத்துக்கும் தாம் விதித்த கூலிக்கு வர மறுத்தவனையே சோம்பேறி என்றனர் என்பது அவர் கண்ட முடிபு. தன் வயலிலே விடியுமுன் இறங்கியவனும் அப்பட்டியலிற் சேர்ந்தான்.

இதனினும் கசப்பான செய்தி ஒன்றுண்டு. ஆங்கிலத்திலே எல்லோராலும் ஒதுக்கப்பட்டவனை, நம்பத்தகாதவனைக் குறிக்க 'பறையா' என்றொரு சொல் வழங்குகின்றது. பறை முழக்குவதாற் பெயர் பெற்ற ஒரு தமிழ்ச் சமூகத்தின் பெயரே, பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பிய வணிகர் வாயிற் புகுந்து, பின்னர் உலகமெங்கும் இழிசொல்லாய்ப் பரந்தது. இந்நாளிலே செய்தித்தாள்கள் பிறரோடு ஒத்துப்போகாத அரசுகளையும் இச்சொல்லால் ஏசுகின்றன. ஆங்கிலச் சொற்பட்டியலில் இதனைக் காணும் தமிழ் மாணவன் அந்நிய மொழியொன்றைக் கற்கவில்லை. தன் ஊர் தன் மக்களுக்குச் செய்த கொடுமையையே வெளிநாட்டு முத்திரையோடு திரும்பப் பெறுகின்றான். சொல்லை ஏற்றுமதி செய்தவர் வணிகர். அதற்குள் இழிவை முன்னரே நிரப்பி வைத்தவர் நாமே.

இத்தகைய சொற்களைத் தமிழோடு இணைக்க முயன்றவர்களின் உழைப்பைப் பாராட்டாதிருத்தல் முறையன்று. 1840களிலே யாழ்ப்பாணத்து அமெரிக்க மிஷன் அச்சகத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கான ஆங்கில–தமிழ் அகராதி அச்சாயிற்று. நைற்றும் ஸ்போல்டிங்கும் அதில் உழைத்தோர். நைற் தொடங்கிவைத்த தமிழ்ச் சொற்றொகுப்பு, பலர் கைமாறி, வின்ஸ்லோவின் பேரகராதியாக 1862இல் சென்னையில் நிறைவெய்தியது. 67,452 சொற்களைக் கொண்ட அப்பெருநூலுக்கு நாட்டுப் புலவர்கள் துணைநின்றனர். பேர்சிவல் பாதிரியாரோ பழமொழிகளைத் திரட்டி ஆங்கிலப்படுத்தினார்; அவரது தொகுப்பின் பிற்பதிப்பு ஆறாயிரத்துக்கு மேற்பட்டவற்றைக் கொண்டது. மனிதர் குறையைத் தமிழர் எவ்வளவு நுட்பமாக எள்ளுவர் என்பதை அறிய விரும்பும் ஆங்கிலேயனுக்கு அதுவே நல்ல பாடநூல்.

எனினும் அகராதி தனித்து உதவுவதில்லை. 'பிரைட்' என்ற ஒரு சொல்லை எடுங்கள். அகராதி அதற்குச் செருக்கு, தருக்கு, இறுமாப்பு, அகந்தை என்று தருமேயானால் மாணவன் அதனை முழுவதுங் கெட்ட சொல்லென்றே கொள்வான். பின்னர், மகன் தேர்விலே வென்றதைக் கேட்ட தாயின் உள்ளத்தையும் ஆங்கிலேயர் அதே சொல்லாற் கூறக் கேட்டுத் திகைப்பான். நாமோ அதனைப் பெருமிதம் என்று வேறாகப் பிரித்துள்ளோம். தொல்காப்பியர் எண்வகை மெய்ப்பாட்டுள் ஒன்றாகப் பெருமிதத்தை வைத்தார். திருவள்ளுவர் குற்றங்கடிதலிலே ஆள்வோனின் குற்றங்களைக் கூறும்போது செருக்கை ஒன்றாகவும், மாண்பிழந்த மானத்தை மற்றொன்றாகவும் எண்ணினார். மானம் தன்னளவிற் குற்றமன்று, மாண்பு நீங்கியவிடத்தே குற்றமாகும் என்பது அதனாற் பெறப்படும். ஆங்கிலம் ஒரு சொல்லால் அமைவதும், தமிழ் பல சொற்களாற் பகுப்பதும் இங்கே. வேறிடங்களில் நிலைமை தலைகீழாகும்.

இந்த 'பிரைட்' என்னும் சொல்லையே தலைப்பில் தாங்கிய ஒரு நாவல் நம்மை மீண்டும் திருக்கோணமலைக்கு அழைத்துவருகின்றது. 1813இல் வெளியான 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' என்னும் அந்நாவலை ஆக்கியவர் ஜேன் ஒஸ்ரின் அம்மையார். அவருடைய இளைய சகோதரர் சாள்ஸ் ஒஸ்ரின் கடற்படையிலே உயர்ந்து கிழக்கிந்திய நிலையத்தின் தளபதியானார். 1852ஆம் ஆண்டு ஒக்ரோபர் 7ஆம் நாள், பர்மியப் போரின்போது, ஐராவதி ஆற்றிலே கப்பலில் வாந்திபேதியால் மாண்டார். அவருக்கு எழுபத்துமூன்று வயது. அவரது உடல் திருக்கோணமலைக்குக் கொண்டுவரப்பட்டு அங்கே அடக்கஞ் செய்யப்பட்டது. சமாதி இன்றும் இருக்கின்றது.

ஜேன் அம்மையார் நொக்ஸைப் போல ஒரு மக்களினத்துக்குப் பட்டியலிட்டவரல்லர். தம் அயல்வீடுகளில் வாழ்ந்தோரையே எழுதினார். அந்நாவலிலே ஒரு பெண்பாத்திரம் 'பிரைட்' வேறு, 'வனிற்றி' வேறு என்று விளக்குகின்றாள். நம்மைப் பற்றி நாம் கொள்ளும் எண்ணம் முன்னது. பிறர் நம்மைப் பற்றி எண்ணவேண்டுமென்று நாம் விரும்புவது பின்னது. சுவை யாதெனில், இந்நுட்பத்தைக் கூறுபவளே தன் படிப்பைப் பிறர் மெச்சவேண்டுமென்று ஏங்குபவள். இரண்டு சொற்களின் வேறுபாட்டை எந்த அகராதியிலும் தெளிவாக அங்கே மாணவன் காணலாம். தமிழில் முன்னதற்குச் செருக்கு என்றும் பின்னதற்கு வீண்பெருமை என்றுங் கூறி ஒருவாறு அமைதியடையலாம்.

அந்நாவலிலே டார்சி என்னும் செல்வர் ஒரு மாலை நடன விருந்திலே பேசாது நிற்கின்றார். ஊரார் உடனே அவருக்குச் செருக்குடையவர் என்று பெயர் சூட்டிவிடுகின்றனர். அப்பெயரை ஆராய்ந்து, பாதி உண்மையென்றும் பாதி பிழையென்றும் கதாநாயகி காண்பதற்கு நூல் முழுவதும் வேண்டியிருக்கின்றது. இருபத்தோராம் வயதிலே இக்கதையை முதன்முறை எழுதிமுடித்தபோது ஜேன் அம்மையார் அதற்கு வேறொரு பெயர் இட்டிருந்தார். 'முதற் காட்சியிற் கொண்ட எண்ணங்கள்' என்று அதனைத் தமிழிற் சொல்லலாம்.