போறணைக்குக் காய்ச்சல்

நத்தாருக்கு ஒரு வாரம் இருக்கையில் எங்கள் வெள்ளவத்தைத் தொடர்மாடி வீட்டின் குசினியில் லவ் கேக் ஒன்று கருகிப் போயிற்று. இது ஒரு வரலாற்றுக் கட்டுரைக்குரிய செய்தியா என்று வாசகர்கள் கேட்கக்கூடும். முப்பது ஆண்டுகளாகச் செய்தி எழுதிப் பிழைத்தவன் என்ற வகையில் எனக்கும் அந்த ஐயம் இருந்தது. ஆயினும் அது கருகியதன் காரணத்தைத் தேடப் போய், போர்த்துக்கேயர் காலம் வரை சென்றுவிட்டேன்.

நடந்தது இதுதான். 2021ஆம் ஆண்டின் இறுதியில், சமையல் எரிவாயுக் கொள்கலன்களுடன் தொடர்புடைய வெடிப்புகளும் தீ விபத்துகளும் நாடெங்குமிருந்து செய்தியாக வந்துகொண்டிருந்தன. அந்த அச்சத்தில் மின்சாரப் போறணை ஒன்றை வாங்கினோம். (அடுத்த ஆண்டே நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு வந்தது. எங்கள் முன்யோசனையின் இலட்சணம் அவ்வளவு!) அன்று குமிழை 150 பாகை செல்சியஸில் வைத்துவிட்டு நான் பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்தேன். 84 வயதான என் அம்மா, கண் பார்வை பெரும்பாலும் மங்கியவர், முன்னறை நாற்காலியிலிருந்து, “தம்பி, சீனி கருகுது, ஒருக்கா எழும்பிப் பார்” என்றார். நான் எழும்பிப் பார்த்தேன், குமிழைத்தான் பார்த்தேன். “நூற்றைம்பதிலதான் நிற்குது அம்மா, நீங்கள் பேசாமல் இருங்கோ” என்றேன். கால் மணி நேரத்தில் குசினி முழுவதும் புகை.

லவ் கேக் மற்றக் கேக்குகளைப் போன்றதன்று. ரவை, கஜு, ஏராளமான முட்டை மஞ்சட்கரு, அதனினும் ஏராளமான சீனி, பூசணிப் பாகு, பன்னீர் என்பன சேர்ந்தது. மேற்புறம் மொறுமொறுப்பாகவும் உள்ளே ஈரமாகவும் இருக்கவேண்டுமாதலால் குறைந்த சூட்டில் நெடுநேரம் வேகவேண்டும். தட்டின் அடியிலும் ஓரங்களிலும் வெண்ணெய் பூசிய தாளைப் பல மடிப்பாக விரிப்பதும் இதற்காகவே. சீனி மிகுந்த பண்டம் மிகைச் சூட்டை மன்னிப்பதில்லை.

இந்தக் கேக்கின் வேரைப் போர்த்துக்கேயரிடமே தேடுவார்கள். 1505இல் இங்கு வந்து, 1656இல் கொழும்பை ஒல்லாந்தரிடம் இழந்த அவர்கள், கோட்டைகளைக் காட்டிலும் உறுதியாக விட்டுச்சென்றவை சொற்களே. நான் மேலே எழுதிய ‘குசினி’ அவர்களுடைய சொல். நத்தார் என்பதும் அவர்களுடையதே. கஜுவும் அவர்கள் வாயிலாக வந்தது. காலையில் உண்ணும் பாணும் அது வேகும் போறணையும் அப்படியே. ‘ஃபோர்னோ’ என்ற சொல் சிங்களவர் நாவில் ‘போறணுவ’ ஆயிற்று. நம்மிடம் போறணை ஆயிற்று. தமிழகத்து நண்பர்கள் இச்சொல்லைக் கேட்டால் விழிப்பார்கள். நம்முடைய அரச அறிவிப்புகளில் ‘வெதுப்பகம்’ என்ற அழகான தமிழ்ச் சொல் இருக்கிறது. ஆனால் பாண் வாங்க நிற்கும் எவரும் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை.

அம்மா கொட்டாஞ்சேனையில், புனித லூசியா பேராலயத்து மணியோசை கேட்கும் தூரத்தில் பிறந்து வளர்ந்தவர். அவருடைய சிறுவயதில் அத்தெருவில் எவர் வீட்டிலும் போறணை இருக்கவில்லை. நத்தார் நாட்களில் கலவையைத் தட்டில் ஊற்றி, மேலே துணி மூடி, தெருமுனைப் பேக்கரிக்குக் கொண்டுபோவார்களாம். அங்கே செங்கல் போறணையின் வயிற்றுக்குள்ளேயே இறப்பர் விறகை எரித்து, கல் சிவந்தபின் தணலையும் சாம்பலையும் வழித்தெடுத்துவிட்டு முதலில் பாண் போடுவார்கள். பாண் வெந்து முடிந்ததும் கல்லின் சூடு மெல்ல இறங்கும். அடுத்துப் பணிஸ். அதற்கும் பின்னர், மாலையாகும்போது, வீட்டுக் கேக்குகளின் முறை. அங்கே சூட்டைக் கூட்டுவதற்கு வழியில்லை. இறங்குவதற்காகக் காத்திருப்பதொன்றே வழி. வேலைக்காரர் ஒரு துண்டுத் தாளை உள்ளே இட்டு, அது பழுப்பாகும் வேகத்தைப் பார்ப்பார். அல்லது வெறுங்கையை உள்ளே நீட்டி எண்ணுவார். எத்தனை எண்ணும்வரை கை தாங்குகிறதோ அதுவே அவருடைய அளவுகோல். அம்மா வாசலில் நின்று இதைப் பார்த்துப் படித்தவர்.

திருமணமாகி வெள்ளவத்தைக்கு வந்தபின் மண்ணெண்ணெய் அடுப்பின்மேல் ஏற்றி வைக்கும் தகரப்பெட்டிப் போறணையொன்றை வைத்திருந்தார். அதற்குக் குமிழும் இல்லை, இலக்கமும் இல்லை. கேக் ஒருமுறையும் கருகியதாக எனக்கு நினைவில்லை. 1983 ஜூலை 25, திங்கட்கிழமை, எங்கள் ஒழுங்கை எரிந்தபோது வீட்டோடு அந்தப் பெட்டியும் போயிற்று. சமையல் குறிப்புக் கொப்பியும் போயிற்று. அகதி முகாமிலிருந்து திரும்பிச் சில மாதங்களின் பின்னர் அம்மா அந்தக் கொப்பியை நினைவிலிருந்து மறுபடி எழுதினார். அதில் லவ் கேக்குக்கு எதிரே ‘300’ என்று மட்டும் இருக்கிறது. என்ன பாகை என்பது இல்லை.

கேக் கருகிய அன்று முதற் சந்தேகம் இந்த 300 மீதுதான் விழுந்தது. மகள் அதைச் செல்சியஸ் என்று எண்ணித் திருகிவிட்டாளோ? அக்காவை ரொறொன்ரோவில் அழைத்துக் கேட்டேன். கனடாவில் வீட்டுப் போறணைகள் இன்றும் பரனைட்டில் இயங்குவதால் அவருக்கு 300 ஒரு சிக்கலாகவே இருந்ததில்லை. 300 பாகை பரனைட் ஏறக்குறைய 150 செல்சியஸ். எங்கள் குமிழோ 250க்கு மேல் திரும்பாது. மகள் நிரபராதி.

அடுத்து, போறணைக்குள் வைக்கும் வெப்பமானி ஒன்றை வாங்கி நடுத்தட்டில் வைத்தேன். குமிழ் 150இல் இருக்க, அரை மணியில் முள் 210ஐத் தாண்டி மேலும் ஏறியது. நல்ல போறணையிலும் சூடு பத்துப் பதினைந்து பாகை ஏறி இறங்குவது இயல்பு. ஆனால் இடையிடையே ‘டிக்’ என்று நின்று, சிவப்பு விளக்கு அணைய வேண்டும். இங்கே விளக்கு அணையவேயில்லை. குமிழை 50க்கு இறக்கியும் கம்பிகள் சிவந்தே நின்றன. அத்துடன் மின்செருகியைப் பிடுங்கிவிட்டு எலக்ட்ரீசியனை அழைத்தேன்.

அவர் கழற்றிக் காட்டிய தெர்மோஸ்டாட் மிக எளிய பொருள். உள்ளே பென்சிலினும் மெல்லிய செப்புக் குமிழி. அதிலிருந்து மயிரிழை போன்ற செப்புக் குழாய், முடிவில் சிறு தகட்டுறை. மூன்றிலும் எண்ணெய் போன்ற திரவம். சூடேறினால் திரவம் விரியும், தகடு உப்பித் தொடுகையைப் பிரிக்கும், மின்சாரம் நிற்கும். எங்களுடையதில் அந்தக் குழாய் பின்சுவரின் ஓட்டைக்குள் வளையும் இடத்தில் வெடித்து, திரவம் முழுவதும் கசிந்து போயிருந்தது. திரவமின்றித் தகடு உப்பாது. ஆகவே உள்ளே எவ்வளவு தகித்தாலும் போறணை குளிர்ந்திருப்பதாகவே அந்தக் கருவி எண்ணிக்கொண்டிருந்தது. என்னைப் போலத்தான்.

இந்த உத்தியின் மூலவர் ஓர் ஒல்லாந்தர் என்பது பின்னரே தெரியவந்தது. 1572இல் அல்க்மாரில் பிறந்து இங்கிலாந்தில் வாழ்ந்த கோர்னேலிஸ் டிரெபல், 1620களில், தன் சூட்டைத் தானே அடக்கும் உலை ஒன்றைச் செய்தார். சூட்டில் விரியும் மதுசாரம் பாதரசத்தைத் தள்ள, பாதரசம் ஒரு கோலை உயர்த்த, கோல் காற்றுவழியை அடைக்கும். முட்டை பொரிக்கவும் இதனைப் பயன்படுத்தினார். எனினும் வீட்டுப் போறணைக்கு இவ்வுத்தி பரவலாக வந்து சேர ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் சென்றன. பிரித்தானியாவில் ‘றெகியூலோ’ என்ற கட்டுப்படுத்தியுடன் கூடிய எரிவாயு அடுப்பு 1923இல் விற்பனைக்கு வந்தது. கொழும்பு இல்லத்தரசிகளின் வேதநூலாக விளங்கிய, ஹில்டா டொய்ட்றோம் தொகுத்த ‘சிலோன் டெய்லி நியூஸ்’ சமையல் நூலின் முதற்பதிப்பு 1929. இலக்கமிட்ட குமிழ் அப்போது உலகுக்கே புதுமை.

புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் மூன்று கடைகள் ஏறி இறங்கிப் புதிய தெர்மோஸ்டாட் வாங்கினோம். அதே வெப்ப எல்லையும் அதே குழாய் நீளமும் கொண்டதாகப் பார்க்கவேண்டும், குழாயை மடக்கக்கூடாது, குமிழி சுவரைத் தொடாமல் பழைய பிடியிலேயே நிற்கவேண்டும். தீய்ந்திருந்த இரண்டு வயர்களையும் வெப்பம் தாங்கும் வயராக மாற்றினார். பூட்டி முடித்ததும் ‘டிக்’ சத்தம் நான்கு முறை வந்துபோகும்வரை காத்திருந்தோம். முள் 142க்கும் 160க்கும் இடையே ஆடியது.

அம்மாவிடம் வெப்பமானியின் கணக்கைச் சொன்னேன். அவர் அதைக் காதில் வாங்கவில்லை. கைப்பிடித்துக் குசினிக்கு அழைத்துவரச் சொல்லி, கதவைத் திறக்கச் சொல்லி, வளையல் சுடாதபடி ஒதுக்கிவிட்டுக் கையை உள்ளே நீட்டினார். உதடுகள் அசைந்தன. நான் பக்கத்தில் நின்று, எத்தனை வரை எண்ணுகிறார் என்று கேட்டுக் கொப்பியில் அந்த 300க்குப் பக்கத்தில் எழுதிக்கொண்டேன்.